பள்ளிக்கு மதிப்பெண் போட்டாயிற்று, பிறகு?

ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு ஆண்டுத் தேர்வுகளில் ஒரு குழந்தை தோல்வி அடைந்தால் அதற்குக் கூடுதலாகப் பாடம் கற்பிக்க வேண்டும். தேர்வு முடிவு வெளியான இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு எழுத வாய்ப்பளிக்க வேண்டும். 2019 ஜனவரியில் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்த கல்வி உரிமைச் சட்டத் திருத்தம் இவ்வாறு கூறுகிறது. மறுதேர்விலும் தேறாவிட்டால்தான் அக்குழந்தையை அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாம். அதுவும் உரிய அரசு அவ்வாறு முடிவெடுத்திருந்தால்.

அந்தக் குழந்தைக்குக் கற்பிக்க இயலாமல் போன பள்ளிக்கு என்ன செய்ய வேண்டும்? தரமான கல்வி அளிப்பது அரசின் கடமை என்று பொதுவாகச் சொல்லும் அந்தச் சட்டம், பின்தங்கிய பள்ளிக்கு எத்தனை நாள்களுக்குள் என்ன உதவி போய்ச் சேர வேண்டும் என்று சொல்லவில்லை. குழந்தை தோற்றால் மறுவாய்ப்பு உண்டு. பள்ளி தோற்றால் கிடைப்பது ஒரு மதிப்பெண் பட்டியல் மட்டுமே.

தலைநகரில் அத்தகைய பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் செயல்திறன் தரவரிசைக் குறியீடு, 2017-18 கல்வியாண்டு தொடங்கி மாநிலங்களுக்கு ஆயிரத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு வருகிறது. முதலில் 70 அளவுகோல்கள் இருந்தன. 2021-22 முதல் அவை 73 ஆயின. 2025 ஜூனில் வெளியான 2023-24ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பெற்ற சண்டீகர் 700 மதிப்பெண்ணைச் சற்றே தாண்டியது. கடைசி இடத்தில் இருந்த மேகாலயத்துக்கு 417. உயர்ந்த தர நிலைகளை ஒரு மாநிலமும் எட்டவில்லை.

மாணவர்களின் கற்றல் திறனை அளக்கவும் ஆய்வுகள் உள்ளன. 2024 டிசம்பர் 4-ஆம் தேதி நடைபெற்ற 'பரக்' தேசிய ஆய்வில் 781 மாவட்டங்களைச் சேர்ந்த 74,229 பள்ளிகளில் 21 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் பங்கேற்றனர். மூன்றாம் வகுப்பு மாணவர்களில் 55 விழுக்காட்டினருக்குத்தான் 99 வரையிலான எண்களை வரிசைப்படுத்தத் தெரிந்திருந்தது. ஆறாம் வகுப்பில் பத்தாம் வாய்ப்பாடு வரை அறிந்திருந்தவர்கள் 53 விழுக்காட்டினர். 'பிரதம்' தொண்டு நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு 'ஏசர்' அறிக்கையின்படி, ஊரகப் பகுதி அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் படிப்போரில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 23.4 விழுக்காட்டினர். 2022-இல் இருந்த 16.3 விழுக்காட்டுடன் ஒப்பிட்டால் இது முன்னேற்றம்தான். ஆயினும் நால்வரில் மூவரால் படிக்க இயலவில்லை.

இந்த அறிக்கைகள் வெளியாகும்போதெல்லாம் நாடாளுமன்றத்தில் ஒரே காட்சிதான். முன்வரிசையில் இடம்பெற்ற மாநிலத்தை ஆளும் கட்சியின் உறுப்பினர்கள் அதை மேற்கோள் காட்டிப் பேசுவார்கள். பின்னுக்குப் போன மாநிலத்தவர்கள் அளவுகோலே தவறு என்பார்கள். இரண்டு நாள் ஆரவாரத்துக்குப் பிறகு அவை வேறு பிரச்னைக்குப் போய்விடும். பட்டியலின் கடைசியில் நிற்கும் பள்ளிக்கு அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன் என்ன செய்யப் போகிறீர்கள் என்ற கேள்வி எழுவது அரிது.

அந்தக் கேள்விக்கு விடை தேட மத்தியப் பிரதேசத்தைவிடப் பொருத்தமான மாநிலம் வேறில்லை. பள்ளிகளை அளந்து பார்ப்பதில் அதைப் போல முனைப்புக் காட்டிய மாநிலங்கள் குறைவு. அந்த முயற்சிகளால் விளைந்தது என்ன என்பதை அறிஞர்கள் நேரில் ஆராய்ந்து பதிவு செய்தும் இருக்கிறார்கள். நாடு முழுவதற்கும் அதில் பாடம் இருக்கிறது.

முதலில் மாணவர்களுக்கான தேர்வைப் பார்ப்போம். 'பிரதிபா பர்வ்' என்ற பெயரில் அரசுத் தொடக்கப் பள்ளி மாணவர்கள் அனைவரையும் சோதிக்கும் திட்டத்தை 2011-12-இல் மத்தியப் பிரதேச அரசு கொண்டுவந்தது. எண்ணம் நல்லதே. ஆனால் தேர்வு நடத்துவது பள்ளி, திருத்துவது பள்ளி, மதிப்பெண்ணை மேலிடத்துக்கு அனுப்புவதும் பள்ளி. ஸ்டாக்ஹோம் பொருளாதாரக் கல்லூரிப் பேராசிரியர் அபிஜித் சிங், அரசு ஆவணத்தில் உள்ள மதிப்பெண்களை, தனியே நடத்திய சோதனையின் முடிவுகளுடன் ஒப்பிட்டார். மாணவர்களின் உண்மையான அடைவு, அரசு ஏடுகளில் ஏறத்தாழ இரு மடங்காகக் காட்டப்பட்டிருந்தது. படிப்பில் பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண்கள்தாம் அதிகம் ஊதிப் பெருக்கப்பட்டிருந்தன. எந்தக் குழந்தைக்கு உதவி தேவையோ, அந்தக் குழந்தை ஏட்டில் நன்றாகப் படிக்கும் குழந்தையாகிவிட்டது. உதவி எப்படி வரும்?

ஆசிரியர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. மதிப்பெண் குறைந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்; உயர்ந்தால் ஒரு தொந்தரவும் இல்லை. உண்மையைச் சொன்னால் உதவி கிடைக்கும் என்ற நம்பிக்கை எள்ளளவும் இல்லாத இடத்தில், உண்மையைச் சொல்லும் துணிவை மட்டும் எதிர்பார்ப்பது எங்ஙனம்?

அடுத்து, பள்ளிகளுக்கே தரமிடும் திட்டம். இதுதான் முக்கியமானது. 2014-15 கல்வியாண்டில், பிரிட்டனைச் சேர்ந்த 'ஆர்க்' என்ற தொண்டு நிறுவனத்தின் உதவியுடன் மத்தியப் பிரதேச அரசு ஒரு விரிவான மதிப்பீட்டு முறையை வகுத்தது. இங்கிலாந்தில் பள்ளிகளை ஆய்வு செய்து தரமிடும் 'ஆஃப்ஸ்டெட்' அமைப்பே அதற்கு முன்மாதிரி. பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் பள்ளிக்கு வருவார்கள், வகுப்பறைகளைப் பார்ப்பார்கள், தரம் குறிப்பார்கள், குறைநிறைகளை எழுதிக் கொடுப்பார்கள். அதன் அடிப்படையில் பள்ளி தனக்கென ஒரு மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும். 'ஜன சிக்ஷக்' எனப்படும் பொறுப்பாளர்கள் - நம் ஊரில் குறுவள மையப் பொறுப்பாளர்களைப் போன்றவர்கள் - அதன் நிறைவேற்றத்தைக் கண்காணிக்க வேண்டும். உலக அளவில் சிறந்த நடைமுறைகள் என்று போற்றப்படுபவை எல்லாம் இதில் இருந்தன.

குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 1,774 பள்ளிகளில் திட்டம் செயல்படுத்தப்பட்டது. அதே தன்மையுள்ள மற்றப் பள்ளிகளுடன் அவற்றை ஒப்பிட்டு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (சான் டியாகோ) பேராசிரியர் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் ஆராய்ந்தனர். 2020 நவம்பரில் வெளியான அவர்களது ஆய்வறிக்கையை ஆட்சியாளர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

மதிப்பீடு ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் குறைவின்றி நடந்து முடிந்தது. போடப்பட்ட தரமும் பொய்யில்லை. நல்ல பள்ளி எது, பலவீனமான பள்ளி எது என்பதை அது சரியாகவே காட்டியது. ஆனால் பள்ளிகளின் செயல்பாட்டில் மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. மாணவர்களின் கற்றலிலும் முன்னேற்றம் இல்லை. தரமிடப்பட்ட பள்ளியும் தரமிடப்படாத பள்ளியும் ஒரே நிலையில்தான் நின்றன.

வியப்பு இனிமேல்தான். பலன் தராத அந்தத் திட்டம் வெற்றி என்றே கருதப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில் சுமார் 25,000 பள்ளிகளுக்கு அது விரிவுபடுத்தப்பட்டது. 2015 நவம்பரில் 'ஷாலா சித்தி' என்ற பெயரில் ஏழு துறைகள், 46 அளவுகோல்களுடன் தேசியத் திட்டமாகவும் உருவெடுத்து, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளைச் சென்றடைந்தது. விரிவுபடுத்தப்பட்ட பின்பும் மத்தியப் பிரதேசத்தில் கற்றல் உயரவில்லை என்று அதே ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

எப்படி வெற்றி என்று கருதினார்கள்? எத்தனை பள்ளிகள் மதிப்பீட்டை முடித்தன, எத்தனை பள்ளிகள் மேம்பாட்டுத் திட்டத்தைப் பதிவேற்றின என்பவைதாம் எளிதில் எண்ணக் கூடியவை. அவை நூறு விழுக்காட்டை நெருங்கின. ஆகவே வெற்றி! செயல்திறன் தரவரிசைக் குறியீட்டின் முதல் வடிவத்திலும், எத்தனை விழுக்காடு பள்ளிகள் தன்மதிப்பீடு செய்து மேம்பாட்டுத் திட்டம் தயாரித்தன என்பதற்கு மாநிலங்களுக்கு மதிப்பெண் இருந்தது. திட்டம் எழுதியதற்கு மதிப்பெண். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தது.

தவறு எங்கே நிகழ்ந்தது? ஒரு தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரின் இடத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். தம் பள்ளிக்குக் கடைநிலைத் தரம் கிடைத்திருக்கிறது என்ற தாள் அவர் கையில் இருக்கிறது. காலியாக உள்ள ஆசிரியர் பணியிடத்தை நிரப்ப அவருக்கு அதிகாரம் இல்லை. ஒழுகும் கூரையை மாற்ற நிதி இல்லை. ஐந்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டவும் தெரியாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தை நிறுத்திவிட்டு அடிப்படையிலிருந்து கற்பிக்க அனுமதியும் இல்லை. அதற்கான பயிற்சியும் இல்லை. அவரால் செய்யக்கூடியது ஒன்றுதான். மேம்பாட்டுத் திட்டத்தை எழுதி அனுப்புவது. அதைச் செய்தார்.

உதவ வேண்டிய பொறுப்பாளரின் நிலையும் அதேதான். புள்ளிவிவரம் திரட்டுவதும் படிவங்களை நிரப்பி அனுப்புவதுமே அவரது நாளைத் தின்றுவிடுகின்றன. களத்தில் உள்ள அலுவலர்களை ஆய்வாளர்கள் சந்தித்துப் பேசியபோது, இத்திட்டத்தை இன்னொரு காகித வேலையாகவே அவர்கள் கருதியது தெரியவந்தது. தரம் உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் எவருக்கும் பொறுப்பும் இல்லை, பலனும் இல்லை.

'ஷாலா சித்தி'க்கு முன்மாதிரியான இங்கிலாந்திலேயே, ஒரு பள்ளியை ஒற்றைச் சொல்லில் தரம் பிரிப்பதை 2024 செப்டம்பரில் கைவிட்டார்கள். தரம் என்ற முத்திரை பள்ளிகளின் மீது ஏற்றும் சுமையைப் பற்றி அங்கு நடந்த நீண்ட விவாதத்தின் விளைவு அது.

பின்தங்கிய பள்ளிக்கு உதவி வரவில்லை என்றால், வேறு என்னதான் வந்தது? மக்களவையில் 2025 பிப்ரவரியில் அளிக்கப்பட்ட எழுத்துப்பூர்வ பதிலில் விடை இருக்கிறது. 2014-15-இல் நாட்டில் 11,07,101 அரசுப் பள்ளிகள் இருந்தன. 2023-24-இல் அவை 10,17,660. குறைந்தவை 89,441. இவற்றில் மத்தியப் பிரதேசத்தில் மட்டும் 29,410. அங்கிருந்த அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று கணக்கிலிருந்து மறைந்துவிட்டது. அடுத்து உத்தரப் பிரதேசம், 25,126.

இதையும் நேர்மையாக அணுக வேண்டும். குறைந்தவை எல்லாம் பூட்டப்பட்ட பள்ளிகள் என்று கொள்ளக்கூடாது. ஒரே வளாகத்தில் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி எனத் தனித்தனியே இயங்கிய சுமார் 35,000 பள்ளிகளை மத்தியப் பிரதேசம் 16,000 பள்ளிகளாக ஒருங்கிணைத்தது. நீதி ஆயோக்கின் வழிகாட்டலில் நடந்த அந்த நடவடிக்கையில் ஒரு குழந்தையும் ஓரடி கூடுதலாக நடக்க வேண்டியிருக்கவில்லை. அதில் குறை காண முடியாது.

ஆனால், அடுத்த ஊர்ப் பள்ளியுடன் இணைப்பது அவ்வாறல்ல. 50-க்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளிகளை அருகிலுள்ள பள்ளிகளுடன் இணைக்க 2025 ஜூனில் உத்தரப் பிரதேச அரசு பிறப்பித்த உத்தரவை எதிர்த்துப் பெற்றோர் அலாகாபாத் உயர் நீதிமன்றத்தின் படியேறினர். சேர்க்கை ஏன் குறைகிறது? ஆசிரியர் இல்லை, பாடம் நடப்பதில்லை, கொஞ்சம் வசதி உள்ள பெற்றோர்கள் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். எஞ்சியிருப்பவர்கள் ஏழைகளின் பிள்ளைகள். பள்ளி நோயுற்றிருப்பதன் அறிகுறி அது. அறிகுறியையே குற்றமாக்கி, இணைப்பைத் தண்டனையாக்குகிறோம். 2024-25 கணக்கின்படி நாட்டில் ஒரே ஓர் ஆசிரியருடன் இயங்கும் பள்ளிகள் 1,04,125. அவற்றில் பயில்வோர் 33 லட்சத்துக்கும் அதிகம். இந்தப் பள்ளிகளுக்குத் தரம் போட்டு அறிந்துகொள்ள வேண்டியது புதிதாக என்ன இருக்கிறது?

நிதி எங்கே செல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மத்தியப் பிரதேச அரசு 2021-இல் 9,200 பள்ளிகளை எல்லா வசதிகளும் கொண்ட 'சி.எம். ரைஸ்' பள்ளிகளாக உயர்த்தப்போவதாக அறிவித்தது. முதல் கட்டத்தில் கைவைக்கப்பட்டவை சில நூறு மட்டுமே. 2025-இல் அவற்றுக்கு 'சாந்தீபனி' என்று பெயர் மாற்றினார்கள். மத்திய அரசின் 'பி.எம். ஸ்ரீ' திட்டம் 2022 செப்டம்பரில் ஒப்புதல் பெற்றது. 14,500 பள்ளிகள், ஐந்தாண்டுகளில் 27,360 கோடி ரூபாய். இதற்கான பள்ளிகள் போட்டி முறையில் தேர்வு செய்யப்படுகின்றன. குறைந்தபட்ச வசதிகள் இருப்பதைக் காட்டும் பள்ளிதான் போட்டியிடவே முடியும். முன்மாதிரிப் பள்ளிகள் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் உள்ளவனுக்கே மேலும் கொடுத்து, இல்லாதவனுக்குத் தரச் சான்று மட்டும் கொடுப்பது என்ன நீதி?

இதே 'பி.எம். ஸ்ரீ' திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக, அதனுடன் தொடர்பில்லாத ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதி 2024-25-இல் தமிழகம், கேரளம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. தமிழகத்துக்கு வர வேண்டியிருந்தது 2,152 கோடி ரூபாய். இது நியாயமற்றது என்று 2025 மார்ச்சில் நாடாளுமன்றக் கல்வி நிலைக்குழு தனது அறிக்கையில் கூறியது. ஆசிரியர் பயிற்சிக்கும் மாற்றுத் திறன் குழந்தைகளின் கல்விக்கும் உரிய பணம் அது. மாநிலங்களுக்கு மதிப்பெண் போடும் அமைச்சகமே, அந்த மதிப்பெண்ணை உயர்த்துவதற்கான பணத்தை நிறுத்திவைப்பது எவ்வகை மேற்பார்வை?

அப்படியானால் எதுதான் பலன் தருகிறது? ஹரியாணாவில் 2012-13-இல் ஒரே காலத்தில் இரண்டு முயற்சிகள் நடந்தன. ஒன்று, கல்வி உரிமைச் சட்டம் வலியுறுத்திய தொடர் மதிப்பீட்டு முறை. ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவனின் வளர்ச்சியையும் தொடர்ந்து மதிப்பிட்டுக் குறித்து வந்தனர். மற்றொன்று, பள்ளி நேரத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, வகுப்பைப் பாராமல் பிள்ளைகளை அவரவர் படிக்கும் நிலைக்கேற்பக் குழுக்களாகப் பிரித்து அடிப்படையிலிருந்து கற்பித்தது. அரசின் வட்டாரப் பொறுப்பாளர்களுக்கே பயிற்சி அளித்து, பள்ளிகளுக்குச் சென்று ஆசிரியர்களுக்குத் துணைநிற்கச் செய்தனர்.

இரண்டையும் ஆய்வு செய்தபோது, தொடர் மதிப்பீட்டால் கற்றலில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று தெரிந்தது. ஒரு மணி நேரக் கற்பித்தலால் ஹிந்தி வாசிப்பு மேம்பட்டது. கணிதத்தில் அந்த அளவுக்குப் பலன் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மாநிலமும் ஆசிரியர்களும் ஆண்டும் ஒன்றே. ஒரு முயற்சி குறிப்பேட்டை நிரப்பியது. மற்றது குழந்தைக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தது.

தமிழகத்தின் அனுபவமும் இதை உறுதி செய்கிறது. கொரோனாவுக்குப் பிறகு 2021-இல் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தையும் முரளிதரன் குழுவினர் ஆராய்ந்தனர். பள்ளிகள் திறந்து ஆறு மாதங்களுக்குள், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்குக்கு மாலை நேரத் தன்னார்வலர்களின் வகுப்புகளே காரணம் என்று கண்டனர். மத்தியப் பிரதேசத்தில் மதிப்பீட்டுத் திட்டம் பயனற்றது என்று சொன்ன அதே ஆய்வாளர்கள்தாம் இதைப் பயனுள்ளது என்றும் சொன்னார்கள். இங்கே பின்தங்கிய குழந்தையை ஒரு மனிதர் தேடிச் சென்றார்.

ஆகவே அளவிடுவதை நிறுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை. 'ஏசர்' போன்ற ஆய்வு இல்லாவிட்டால், பள்ளியில் சேர்ந்துவிட்டாலே படித்துவிட்டதாகப் பொருள் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருப்போம். தரம் என்பது அரசு பள்ளிக்குத் தரும் சான்று மட்டுமாக இருக்கும் நிலை மாற வேண்டும். பள்ளி அரசிடம் உதவி கோரும் உரிமைச் சீட்டாக அது ஆக வேண்டும்.

இதற்கும் மத்தியப் பிரதேசமே வழிகாட்டியிருக்கிறது. 2025 மார்ச் அறிக்கையை அளித்த நிலைக்குழுவின் தலைவர் திக்விஜய் சிங், அம்மாநிலத்தின் முதல்வராக இருந்தபோது 1997 ஜனவரியில் கல்வி உறுதித் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு கிலோ மீட்டருக்குள் பள்ளி இல்லாத ஊரில் 40 குழந்தைகள், பழங்குடிப் பகுதியாக இருந்தால் 25 குழந்தைகள், இருப்பதாக ஊர் மக்கள் எழுதிக் கொடுத்தால் 90 நாள்களுக்குள் அரசு ஆசிரியரைத் தந்தாக வேண்டும். ஆயிரக்கணக்கான ஊர்களுக்குக் கல்வி அவ்வாறுதான் சென்றது. அதில் குறைகளும் இருந்தன. 'குருஜி' என்று அழைக்கப்பட்ட ஆசிரியர்களுக்குச் சொற்ப மதிப்பூதியமே கொடுத்தார்கள். அந்தக் குறை திரும்ப வரக்கூடாது. ஆனால் மக்கள் கோரினால் இத்தனை நாள்களுக்குள் அரசு செய்தாக வேண்டும் என்ற அந்த ஏற்பாட்டின் வலிமையை மறந்துவிட்டோம்.

பள்ளி இல்லாத ஊருக்கு 90 நாள் உறுதி தர முடிந்த நாட்டில், பள்ளி இருந்தும் படிப்பு இல்லாத ஊருக்கு அதே உறுதியைத் தர முடியாதா? கடைநிலைத் தரம் பெற்ற பள்ளிக்கு 90 நாள்களுக்குள் காலிப் பணியிடங்கள் முதலில் நிரப்பப்பட வேண்டும். எந்தப் பள்ளியிலும் காலியிடம் பத்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. அதை அமல்படுத்தும் வரிசை கடைசிப் பள்ளியிலிருந்து தொடங்கட்டும். அத்தகைய பள்ளிகளுக்கெனப் புள்ளிவிவரப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒரு பொறுப்பாளர், வாரம் ஒரு நாளாவது வகுப்பறையில் ஆசிரியருடன் நிற்கட்டும். அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்கும் நாள்தோறும் ஒரு மணி நேரம் பாடத்திட்டத்திலிருந்து விலக்குப் பெறட்டும்.

மதிப்பீட்டு முறையிலும் ஒரு திருத்தம் வேண்டும். பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியர் அறிவதற்கான சோதனை வகுப்பறையோடு நிற்கட்டும். அதை மேலே அனுப்பச் சொல்லும் கணமே அது பொய்யாகத் தொடங்குகிறது. பள்ளிக்குத் தரம் குறிக்கும் சோதனையை அப்பள்ளிக்குத் தொடர்பில்லாதவர்கள் நடத்தட்டும். மாநிலங்களுக்குப் போடும் ஆயிரம் மதிப்பெண்ணில் ஒரு நல்ல பங்கை, சென்ற ஆண்டு கடைநிலையில் இருந்த பள்ளிகள் இந்த ஆண்டு எங்கே நிற்கின்றன என்பதற்கு ஒதுக்கட்டும். அந்தக் கணக்கு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படட்டும்.

மோசமான பள்ளிக்கு முதலில் உதவினால், மோசமாக இருப்பதற்கே பரிசு கொடுத்ததாகாதா என்று சிலர் கேட்கலாம். அர்த்தமுள்ள கேள்விதான். பொறுப்பைச் சுட்டாத உதவியும் வீணாகும் என்பதை மத்தியப் பிரதேச ஆய்வே காட்டுகிறது. கேட்ட ஆசிரியரையும் பயிற்சியையும் கொடுத்து இரண்டு ஆண்டுகள் கழித்தும் பள்ளி அசையவில்லை என்றால், அப்போது தலைமையாசிரியரையும் மாவட்டக் கல்வி அதிகாரியையும் கேள்வி கேட்கும் தார்மிக உரிமை அரசுக்கு உண்டு. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் கேட்கும் கேள்விக்கு வெறும் காகிதத்தில்தான் பதில் வரும். மேலும், அந்தப் பள்ளியைக் குழந்தை தேர்ந்தெடுக்கவில்லை. அதன் ஊரில் இருப்பது அது ஒன்றுதான்.

நிதி எங்கே என்றும் கேட்பார்கள். 27,360 கோடி ரூபாய்க்கு முன்மாதிரிப் பள்ளிகளை உருவாக்க முடிந்த அரசு அந்தக் கேள்வியைக் கேட்கலாகாது. நிறுத்திவைத்த நிதியை உரியவர்களுக்கு உரிய காலத்தில் கொடுப்பதும் ஒரு தொடக்கமே.

மத்தியப் பிரதேசத்தில் 2014-இல் மதிப்பீட்டாளர்கள் வகுப்பறைக்குள் நுழைந்தபோது, மூன்றாம் வகுப்பில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அமர்ந்திருந்திருப்பாள். அவள் பள்ளியின் தரத்தை அவர்கள் சரியாகவே குறித்துக்கொண்டு போனார்கள். பள்ளி அப்படியே இருந்தது. அவளுக்கு இப்போது வாக்குரிமை இருக்கிறது. வாக்குச்சாவடியில் கையெழுத்திடுகிறாளா, கைநாட்டு வைக்கிறாளா என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. இன்று மூன்றாம் வகுப்பில் இருக்கும் சிறுமிக்காவது, தரத்தோடு ஆசிரியரும் வந்து சேர வேண்டும்.